கேம் நடுவுல பிசி ஆஃப் ஆகுதா? கார்டை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

செமஸ்டர் லீவ்ல ஒரு ராத்திரி. வீட்டுல எல்லாரும் தூங்கியாச்சு. சைபர்பங்க் 2077 ஓடிட்டு இருக்கு. மிஷன் முடியப் போற நேரத்துல ஸ்கிரீன் கறுப்பாச்சு, ஃபேன் எல்லாம் நின்னுடுச்சு. நீலத்திரை இல்லை, எர்ரர் மெசேஜ் இல்லை. திரும்ப ஆன் பண்ணினா நல்லாவே ஓடுது. யூடியூப் பார்க்கலாம், கோடிங் பண்ணலாம், வேலரன்ட் கூட ஆடலாம். ஆனா சைபர்பங்க் திறந்து அஞ்சு நிமிஷம் ஆனா மறுபடியும் அதே கதை.

மறுநாள் கேபினெட்டைத் தூக்கிட்டு ஒரு கடைக்குப் போனேன். "கார்டு போச்சு தம்பி. புதுசு 26,000 ஆகும். பழசை வேணும்னா 4,000-க்கு எடுத்துக்கறேன்" என்றார்கள். மூடியைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஆர்டிஎக்ஸ் 3060, அக்கா தன்னோட முதல் போனஸ்ல வாங்கிக் கொடுத்தது. மனசு வராம திரும்பத் தூக்கிட்டு வந்துட்டேன்.

அடுத்த இரண்டு நாள்ல நான் செஞ்சதைத்தான் இங்கே வரிசையா சொல்றேன். உங்களுக்கும் ஒரு நாள் தேவைப்படும்.

முதல் வேலை: பேக்கப்

கேமைத் திறக்காதீங்க. முதல்ல ப்ராஜெக்ட், ரெக்கார்ட், போட்டோ எல்லாத்தையும் வெளி டிரைவுக்கோ கிளவுடுக்கோ மாத்திடுங்க. எழுதிட்டு இருக்கும்போது கரண்ட் போனா ஃபைல் கெட்டுப் போகலாம். இனி நாம பண்ணப் போற சோதனைகள்ல சிஸ்டம் இன்னும் சில தடவை ஆஃப் ஆகத்தான் செய்யும்.

எப்படி நிக்குது?

"கேம் ஆடினா ஆஃப் ஆகுது"ன்னு மட்டும் சொன்னா பத்தாது. எந்த மாதிரி நிக்குதுன்னு பாருங்க. பாதி விடை அதுலயே இருக்கு.

எஃப்பிஎஸ் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு, ஃபேன் சத்தம் கூடினா, முதல் சந்தேகம் வெப்பம். ஸ்கிரீன்ல கலர் கலரா புள்ளி, கட்டம் தெரிஞ்சா கிராஃபிக்ஸ் கார்டு. ஸ்கிரீன் மட்டும் கறுப்பாகி, கேம் சத்தம் கேட்டுட்டே இருந்தா கார்டு, அதோட டிரைவர், இல்லைன்னா மானிட்டர் கேபிள். நீலத்திரை வந்து, ஒவ்வொரு தடவையும் வேற வேற எர்ரர் காட்டினா ரேம் பக்கம் போங்க: பயாஸ்ல எக்ஸ்எம்பியை ஆஃப் பண்ணிட்டு, மெம்டெஸ்ட்86 ஒரு ராத்திரி ஓட விடுங்க. ஒரு நொடியில எல்லாமே அணைஞ்சா, பெரும்பாலும் பவர்.

என்னோடது கடைசி வகை.

வெளியிலிருந்து உள்ளே வாங்க

ஸ்க்ரூ டிரைவரை எடுக்குறதுக்கு முன்னாடி சுவரைப் பாருங்க. நம்ம வீடுகள்ல பிசி பெரும்பாலும் ஒரு சின்ன யூபிஎஸ்ல தான் மாட்டியிருக்கும். 600 விஏன்னு எழுதியிருந்தா, அது தரக்கூடியது பொதுவா 360 வாட்ஸ் தான். கேமிங் பிசி, மானிட்டர், ஸ்பீக்கர் எல்லாம் அதுலயே இருந்தா ஓவர்லோட் ஆகி யூபிஎஸ்ஸே கையை விரிச்சிடும். அதனால யூபிஎஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டையும் விட்டுட்டு, நேரா எர்த் உள்ள மூணு பின் சாக்கெட்ல மாட்டிப் பாருங்க. கேபினெட்டைத் தொட்டா லேசா சுர்ருன்னு இருந்தா எர்த் சரியில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுட்டு மேலே போங்க.

நான் மாத்தினேன். அப்பவும் ஆஃப் ஆச்சு. யூபிஎஸ் குற்றவாளி இல்லை.

வெப்பமா, பவரா?

விண்டோஸ்ல ஈவென்ட் வியூவர் திறந்து சிஸ்டம் லாக் பாருங்க. 'கெர்னல்-பவர் 41' இருக்கும். அதைப் பார்த்து, "ஆஹா, பவர் சப்ளைதான்"னு குதிக்காதீங்க. ஒழுங்கா ஷட்டவுன் ஆகலைன்னு மட்டும்தான் அது சொல்லுது. உள்ளே 'பக்செக்கோடு' 0ன்னு இருந்தா, நீலத்திரைக்குக்கூட நேரம் கிடைக்காம நின்னிருக்குன்னு அர்த்தம்.

அடுத்து எச்டபிள்யூஇன்ஃபோ. அதுல லாகிங் ஆன் பண்ணிட்டு கேம் ஆடுங்க. சிஸ்டம் அணைஞ்ச பிறகும் அந்த ஃபைல் இருக்கும். கடைசி வரியைப் பார்த்தா சாகுற நேரத்துல எவ்வளவு சூடு இருந்ததுன்னு தெரியும். இப்போ வர்ற பிராசஸர்கள் 95, 100 டிகிரி பக்கம் போனா முதல்ல வேகத்தைத்தான் குறைக்கும். அதையும் மீறினாத்தான் ஆஃப் பண்ணும். என் லாக்ல பிராசஸர் 76 டிகிரி, கார்டு 71. வெப்பமும் இல்லை. உங்களுக்கு 95க்கு மேல காட்டினா, இங்கேயே நிறுத்திட்டு தூசியைத் துடைங்க, தெர்மல் பேஸ்ட் மாத்துங்க. ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் சுத்தாம விரலால பிடிச்சுக்கங்க.

பாரத்தைப் பிரிச்சுப் பாருங்க

எனக்கு விடை கொடுத்த இடம் இதுதான். பிராசஸருக்கு மட்டும் பாரம் கொடுத்தேன்: சினிபெஞ்ச், 20 நிமிஷம். ஒண்ணும் ஆகலை. கார்டுக்கு மட்டும் கொடுத்தேன்: ஃபர்மார்க், 5 நிமிஷம், சூட்டைப் பார்த்துக்கிட்டே. ஒண்ணும் ஆகலை. இரண்டையும் சேர்த்து ஓட விட்டேன். 40 நொடி. ஆஃப்!

யோசிச்சுப் பாருங்க. கார்டு கெட்டிருந்தா தனியா ஓடும்போதே காட்டிக் கொடுத்திருக்கணும். தனித்தனியா இரண்டும் நல்லாயிருக்கு, சேர்ந்தா தாங்கலை. அப்போ இரண்டுக்கும் பொதுவா சோறு போடுறது யாரு? எஸ்எம்பிஎஸ்.

இந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பப் பண்ணாதீங்க. கருகின வாடை வந்தா உடனே ஸ்விட்சை அணைங்க.

ஸ்டிக்கர்ல ஒரு பெருக்கல்

என் எஸ்எம்பிஎஸ், கேபினெட் வாங்கும்போது கூடவே வந்தது. மேலே பெருசா '450 வாட்ஸ்'. பக்கத்து ஸ்டிக்கர்ல 12 வோல்ட் கட்டத்தைப் பார்த்தேன்: 18 ஆம்பியர்.

12 × 18 = 216 வாட்ஸ். அவ்வளவுதான்.

பிராசஸரும் கார்டும் முக்கியமா சாப்பிடுறது இந்த 12 வோல்ட் லைன்ல தான். ஆர்டிஎக்ஸ் 3060க்கு 170 வாட்ஸ், ரைசன் 5 5600க்கு முழு பாரத்துல 76 வாட்ஸ் வரை. கூட்டினா 246. இதுல ஃபேன், டிஸ்க் எல்லாம் சேர்க்கவே இல்லை. கார்டு சில மில்லி செகண்ட் இழுக்குற உச்சம் இதைவிட இன்னும் அதிகம். வேலரன்ட் ஆடினப்போ கார்டு முழுசா வேலை செய்யலை, அதனால தப்பிச்சது.

உங்க ஸ்டிக்கர்ல 12 வோல்ட் இரண்டு கட்டமா இருந்தா அப்படியே கூட்டாதீங்க; 12 வோல்ட் மொத்த வாட்ஸ் தனியா போட்டிருந்தா அதை எடுத்துக்கங்க.

மாத்தும்போது ஜாக்கிரதை

உறுதி பண்ண, நண்பனோட 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் கடன் வாங்கினேன். இரண்டரை மணி நேரம் சைபர்பங்க், ஒரு தடவைகூட நிக்கலை.

மூணு விஷயம் மட்டும் மறக்காதீங்க. எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவே திறக்காதீங்க. உள்ளே இருக்குற கெபாசிட்டர்ல பிளக் பிடுங்கின பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல தங்கியிருக்கலாம். மாடுலர் எஸ்எம்பிஎஸ்னா அதோட கேபிளைத்தான் பயன்படுத்தணும். பிளக் ஒரே மாதிரி பொருந்தினாலும் உள்ளே பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், தப்பா மாட்டினா போர்டே போயிடும். மூணாவது, எதையும் வாங்குறதுக்கு முன்னாடி பழைய பில்லைத் தேடுங்க. வாரன்டி மிச்சம் இருக்கலாம்.

கடைசியில எனக்கு ஆன செலவு புது எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 3,900 ரூபாய். கடைக்குப் போகவே கூடாதுன்னு சொல்லலை. லாக் ஃபைலோட கடைசி வரி, எது தனியா ஓடுச்சு, எது சேர்ந்து ஓடலை, இதை ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க. பேச்சே வேற மாதிரி இருக்கும்.

அந்த 3060 இப்பவும் ஓடிட்டுத்தான் இருக்கு. அதை 4,000-க்குக் கேட்டாங்கன்னு அக்காகிட்ட இன்னும் சொல்லலை.