நிலத்தடி நீரும் எண்ணெய்க் கசிவும்

தென்பெண்ணையாற்றின் கரையில் அமைந்த ஊர்களுள் மணலூர்பேட்டையும் ஒன்று. ஆண்டுதோறும் தைத் திங்கள் ஐந்தாம் நாளன்று அண்ணாமலையார் இவ்வூர் ஆற்றிற்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்பது வழக்கம். இத்தகைய ஆற்றங்கரைகளில் வெள்ளம் வற்றிய காலத்தும் மணலைத் தோண்டினால் ஊற்றுநீர் சுரக்கும். மணல் நீரை எளிதில் உள்வாங்கும். எளிதில் கடத்தவும் செய்யும். ஆயின், நீரைக் கடத்தும் அம்மணலே நீரிற் கலந்த நஞ்சையும் கடத்திவிடும். நிலத்தடி நீருக்கு இக்காலத்தில் நேரும் கேடுகளுள் ஒன்று எண்ணெய்க் கசிவாகும்.

பெட்ரோல் நிலையங்களில் எண்ணெய், மண்ணிற்குள் புதைத்த பெருந்தொட்டிகளில் சேமிக்கப்படுகிறது. இரும்புத் தொட்டி நாளடைவில் துருப்பிடிக்கும். குழாய்களின் மூட்டுகள் தளரும். நிலையம் மூடப்பட்ட பின்னரும் தொட்டியை அகற்றாது விட்டால், அதனுள் எஞ்சிய எண்ணெய் துளித்துளியாகக் கசியக்கூடும். கசிவு கண்ணுக்குப் புலனாகாது. அண்டை வீட்டுக் கிணற்று நீரில் எண்ணெய் நாற்றம் எழும்போதே பலர் அதனை அறிகின்றனர்.

கசிந்த பெட்ரோலில் ஒரு பகுதி மண்துகள்களில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பகுதி ஆவியாகி மண்ணின் இடுக்குகளில் பரவும். அவ்வாவி காற்றினும் கனமானது. ஆதலின் கிணறு போன்ற பள்ளங்களில் தங்கித் தீப்பற்றும் இயல்புடையது. எஞ்சியது நிலத்தடி நீரை அடைந்து, நீரினும் இலேசானதாதலால் அதன்மேல் படலமாக மிதக்கும். அப்படலத்திலுள்ள பென்சீன் முதலிய பொருள்கள் நீரிற் கரைந்து, நீரோட்டத்துடன் நெடுந்தொலைவு செல்லும். பென்சீன் புற்றுநோய் விளைப்பது. ஒரு லிட்டர் குடிநீரில் அது 0.01 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. அவ்வெல்லையை ஒரு லட்சம் லிட்டர் நீர் எட்டுதற்கு ஒரு கிராம் பென்சீனே போதும்.

சென்னைத் தண்டையார்ப்பேட்டையில் 2013ஆம் ஆண்டு மக்கள் தம் ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதைக் கண்டனர். பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் நிலத்தடிக் குழாயில் ஏற்பட்ட கசிவே அதற்குக் காரணம் என அறியப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதனை விசாரித்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் அறிஞர்கள் மாசின் பரப்பை ஆராய்ந்தனர். மண்ணுள் பரவிய எண்ணெயை மீட்பது ஓரிரு திங்களில் முடியும் செயலன்று என்பதை இந்நிகழ்ச்சி நாட்டிற்கு உணர்த்திற்று.

தூய்மை செய்யும் முறை யாது? முதற்கண் கசிவை நிறுத்தல் வேண்டும். தொட்டியில் எஞ்சிய எண்ணெயை இறைத்து, ஆவியை வெளியேற்றிய பின்னரே தொட்டியைத் தோண்டி எடுப்பர். எண்ணெயூறிய மண்ணை அகற்றி, அதற்கெனக் குறித்த இடத்தில் பக்குவப்படுத்துவர். நீரின்மேல் மிதக்கும் படலத்தைக் கிணறுகளின் வழியே உறிஞ்சி எடுப்பர். மண்ணிடுக்கில் உள்ள ஆவியைக் காற்றிழுக்கும் பொறிகளால் வெளிக்கொணர்ந்து வடிகட்டுவர். இறுதியில் எஞ்சிய சிறு பகுதியை மண்ணில் வாழும் நுண்ணுயிர்களே உண்டு சிதைக்கும். அவற்றிற்குத் தேவையான காற்றையும் ஊட்டத்தையும் அளித்தால் அப்பணி விரைவுறும்.

இவற்றோடு பணி முடிந்துவிடாது. நிலையத்தைச் சுற்றிக் கண்காணிப்புக் கிணறுகள் பல தோண்டப்படும். நீரோட்டம் வரும் திசையில் ஒன்றும், செல்லும் திசையில் சிலவும் அமையும். முன்னதன் நீர் தூயதாகவும் பின்னவற்றின் நீர் மாசுற்றும் இருப்பின், கேட்டின் தோற்றுவாய் இடையிலுள்ளது என்பது தெளிவாம். தேங்கிய நீரை இறைத்துவிட்டுப் புதிதாக ஊறும் நீரையே ஆய்விற்கு எடுப்பர். பென்சீன் காற்றிற் பறந்துவிடுமாதலின், குப்பியை இடைவெளியின்றி நிரப்பி மூடிக் குளிர்ச்சியில் வைப்பர். மழைக்காலத்தில் நீர்மட்டம் உயர்ந்து மண்ணில் ஒட்டிய எண்ணெயை மீண்டும் கரைக்கக்கூடும். ஆகவே ஒருமுறை தூய நீர் கிடைத்ததைக் கொண்டு அமைதியடையாமல், பருவந்தோறும் பல ஆண்டுகள் ஆய்ந்த பின்னரே இடம் தூய்மையுற்றதெனக் கொள்வர்.

அமெரிக்க நாட்டில் 1984ஆம் ஆண்டு நிலத்தடித் தொட்டிகளைக் குறித்துச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின் அந்நாட்டில் கண்டறியப்பட்ட கசிவுகள் 5 லட்சத்திற்கும் மேற்பட்டவை. நம் நாட்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020ஆம் ஆண்டு நெறிமுறைகளை வெளியிட்டது. புதிய பெட்ரோல் நிலையம் பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு ஆகியவற்றினின்று 50 மீட்டர் தொலைவில் அமைதல் வேண்டும் என்றும், எந்நிலையிலும் அத்தொலைவு 30 மீட்டருக்குக் குறைதல் கூடாது என்றும் அவை கூறுகின்றன.

துருப்பிடிக்காத இரட்டைச் சுவர்த் தொட்டிக்கும், நாள்தோறும் எண்ணெயின் அளவைக் கணக்கிடும் ஒழுங்கிற்கும் ஆகும் செலவு சிறிது. கெட்டுப்போன நிலத்தடி நீரை மீட்பதற்கு ஆகும் செலவோ பெரிது. அதற்குக் கழியும் காலம் அதனினும் பெரிது. வருமுன் காத்தலே அறிவுடைமை. ஊரார் அனைவருக்கும் பொதுவான ஊற்றை ஒருவர் கவனக்குறைவால் கெடுத்தல் தகாது. கிணற்று நீரில் மாறுபட்ட மணம் தோன்றின் உடனே உரிய அலுவலர்க்கு அறிவித்தல் ஒவ்வொருவர்க்கும் உரிய கடமையாகும்.