பறவையைக் கொல்லாத நீலம்!
சீனத் தட்டார்களின் வெள்ளி எனாமல் வேலை

எனாமல் என்றதும் நம்மில் பலருக்கு நீல விளிம்பு போட்ட தட்டும் குவளையும்தான் நினைவுக்கு வரும். அதே சரக்கைச் சீனத் தட்டார்கள் வெள்ளியில் ஏற்றிப் பெண்களின் கொண்டையில் வைத்தார்கள். இதற்கு அங்கே 'ஷாவ்லான்' என்று பெயர். 'சுட்ட நீலம்' என்பது பொருள்.

இந்த நீலத்துக்குப் பின்னால் ஒரு பறவையின் கதை உண்டு. சீன அரண்மனைப் பெண்களின் கொண்டை ஊசிகளிலும் கிரீடங்களிலும் மீன்கொத்தியின் இறகை வெட்டி ஒட்டுவது பழைய வழக்கம். பெய்ஜிங் அருகே மிங் மன்னர் வான்லியின் கல்லறையை 1956-ல் தோண்டத் தொடங்கினார்கள். அதில் கிடைத்த அரசியரின் கிரீடங்களிலும் இந்த இறகு வேலை இருந்தது. உள்ளூர்ப் பறவை போதாமல் கம்போடியாவிலிருந்தும் இறகு வரவழைத்தார்கள். ஒரு பறவையில் தேறுவது கொஞ்சம், விலையோ அதிகம்.

சாதாரணக் குடும்பத்துப் பெண்ணுக்கும் அந்த நீலத்தின் மேல் ஆசை இருக்காதா? அந்த ஆசையைத் தீர்த்து வைத்தது கண்ணாடித் தூள்!

எப்படிச் செய்கிறார்கள்?

எனாமல் என்பது ஒருவகைக் கண்ணாடிதான். மணல், வெங்காரம் முதலியவற்றை உருக்கும்போது கோபால்ட் சேர்த்தால் கருநீலம் வரும். செம்பு சேர்த்தால் மீன்கொத்தியின் பச்சை கலந்த நீலம் வரும். ஆறிய கட்டியை மாவாக அரைத்து நீரில் குழைத்துக் கொள்கிறார்கள்.

நம் ஜெய்ப்பூர் மீனா வேலையில் உலோகத்தைக் குடைந்து அந்தக் குழியில் வண்ணம் நிரப்புவார்கள். சீனத் தட்டாரோ வெள்ளித் தகட்டைப் புடைத்தும், மெல்லிய கம்பியைப் பற்றவைத்து வயலில் பாத்தி கட்டுவது போல வரப்பு அமைத்தும் அதற்குள் வண்ணத்தை இடுகிறார். பிறகு உலை.

கண்டம் இங்கேதான். வெள்ளி சுமார் 962 டிகிரியில் உருகிவிடும். எனாமல் இளகவோ 700, 800 டிகிரி வேண்டும். சற்று முந்தி எடுத்தால் தூள் சொரசொரப்பாக நிற்கும். பிந்தினால் பற்றாசு இளகிக் கம்பி சாயும். பல நாள் உழைப்பு வீண். அந்தக் காலத்தில் வெப்பமானி ஏது? உலையின் நிறம் பார்த்த கண்தான் கணக்கு. உருகிய தூள் அமுங்கிவிடுவதால், மீண்டும் நிரப்பி மூன்று நான்கு முறை சுடவேண்டும்.

பெயர் இல்லாத கைகள்

1920, 30-களில் இந்த நகைகள் மேல்நாடுகளுக்குக் கப்பலேறின. பலவற்றின் முதுகில் 'வெள்ளி', 'சீனா' என்ற ஆங்கில முத்திரைதான் இருக்கும். செய்தவர் பெயர் இராது.

நகைக்காக மீன்கொத்தியைப் பிடிப்பதை இன்று சீனாவிலேயே பலர் கண்டிக்கிறார்கள். சுட்ட நீலம் மட்டும் இன்றும் செய்யப்படுகிறது. பறவைக்கும் ஏழைப் பெண்ணுக்கும் ஒருசேர நன்மை செய்தவர்கள், உலைமுன் வெந்த அந்தப் பெயர் தெரியாத தொழிலாளிகளே!