காலடிக் காற்று – 6: உள்ளே வரும்போதே அலறிய மணி

ரேடான் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் ஆயிற்று. பாறையில் உள்ள யுரேனியத்தின் வாரிசான கதிரியக்க வாயு, நிறமும் மணமும் கிடையாது, நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த காரணம். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளவும். கல்வராயன் மலைப் பள்ளிகளில் அதைக் குறைக்கும் வழியை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். நடுவில் ஸ்டான்லி வாட்ரஸ் வந்து உட்கார்ந்துகொண்டார்.

வாட்ரஸ் அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் லிமரிக் அணுமின் நிலையத்தில் பொறியாளராக இருந்தவர். 1984 டிசம்பரில், வேலை முடிந்து வெளியே வரும்போதெல்லாம் கதிர்வீச்சைக் காட்டும் மணி அவரைக் கண்டு அலறியது. உலையோ இன்னும் மின்சாரமே தரத் தொடங்கவில்லை. ஒருநாள் காலை, எதையும் தொடுவதற்கு முன், உள்ளே நுழையும்போதே அந்தக் கருவியில் ஏறிப் பார்த்தார். அப்போதும் அலறல். அணு நிலையத்திலிருந்து வீட்டுக்கு எதையும் அவர் கொண்டுபோகவில்லை, வீட்டிலிருந்துதான் கொண்டுவந்திருக்கிறார்! ரேடான் சிதைந்து பிறக்கும் பொலோனியம், ஈயம், பிஸ்மத் துகள்கள் அவர் சட்டையில் ஒட்டியிருந்தன.

அவர் வீட்டில் அளந்தபோது கன மீட்டருக்குச் சுமார் 1,00,000 பெக்கரல் கதிரியக்கம். உலக சுகாதார நிறுவனம் 2009இல் பரிந்துரைத்த அளவு 100. குடும்பம் வெளியேறியது. தரைக்கு அடியில் குழாய் பதித்து, விசிறியால் மண்காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேலே தள்ளிய பிறகு, சில மாதங்களில் திரும்பி வந்தது. பக்கத்து வீட்டில் அப்படி ஒன்றுமில்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம்.

இனி நம் கல்வராயன். அதன் பெரும்பகுதி சார்னோக்கைட் பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வியாபாரியின் கல்லறைக்கு நம் பல்லாவரம் பக்கத்துக் கல் போனது. அதை வைத்து 1893இல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பாறைக்கு அந்த வியாபாரியின் பெயரைச் சூட்டிவிட்டார். மலையாளிப் பழங்குடி மக்கள் காலங்காலமாக உழும் மலையின் பாறைக்கு, கல்கத்தாவில் அடக்கமானவர் பெயர். போகட்டும். பூமியின் ஆழத்தில் வெந்த இவ்வகைப் பாறைகளில் யுரேனியம் பொதுவாகக் குறைவு. அதற்காக நிம்மதியாகப் படுத்துவிட முடியாது. அடுத்தடுத்த வீடுகளே வேறுபடும் என்று வாட்ரஸ் வீடு காட்டிவிட்டதே.

பாறையோடு வீட்டின் அமைப்பையும் பார்க்க வேண்டும். கல்வராயனின் வெள்ளிமலைப் பக்கத்துப் பழைய கூரை வீட்டில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி இருக்கும். காற்று தானாகப் போகும். பாம்பும் வரும், ஆகவே கூரை வீட்டைப் புகழ நான் வரவில்லை. தொகுப்பு வீடு வந்ததும் அந்த இடைவெளி போயிற்று. மார்கழிக் குளிரில் ஜன்னலையும் சாத்தினால், உள்ளேயிருக்கும் வெதுவெதுப்பான காற்று மேலேறிக் கசிய, அந்த இடத்தை நிரப்ப மண்ணிலிருந்து ரேடான் கலந்த காற்று தரை விரிசல் வழியே ஏறும். கட்டும்போதே தரைக்குக் கீழே ஜல்லி பரப்பி, பிளாஸ்டிக் தாள் விரித்து, நாலங்குல பி.வி.சி. குழாய் ஒன்றை மொட்டைமாடிக்கு மேல்வரை விட்டால் செலவு சொற்பம். பின்னால் தரையை உடைத்துச் செய்வதுதான் காசைத் தின்னும்.

பள்ளி? பிள்ளைகள் இரவிலும் தங்கும் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்குத் தனிக் கணக்கு வேண்டும். அச்சுக்குப் போகும் நேரம் வந்துவிட்டது, இடமும் முடிந்தது. அடுத்த வாரம் கட்டாயம் அதுதான். அதற்குள் ஒன்று: ரேடான் அளக்கும் கருவியை வகுப்பறையில் மட்டும் தொங்கவிட்டால் போதாது. பிள்ளைகள் கதவைச் சாத்திப் படுக்கும் அறையிலும், மூன்று மாதமாவது தொங்க வேண்டும்.

(தொடரும்)