பழைய ஓகனா, புதிய ஓகனா? காசைக் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கல்முனைக் கரையோரத்தில் ஓகன் என்று நாம் சொல்லும் கீபோட் வாங்க நினைப்பவருக்கு இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. கடையில் பெட்டி உடைக்காமல் கிடைக்கும் புதிய சிறிய கீபோட் ஒன்று. கட்டாரிலோ சவூதியிலோ தொழில் செய்பவர் விடுமுறையில் கொண்டுவந்து விற்றுவிட்டுப் போவது இன்னொன்று. கொழும்பு வழியாக வந்து சேரும் ஜப்பான் றீகண்டிஷன் மூன்றாவது. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 வரை ஏறியது. இறக்குமதிப் பொருள் எல்லாவற்றையும் போலப் புதிய கீபோட்டும் கைக்கெட்டாமல் போக, பழையதை வைத்திருந்தவர்களும் விலையை உயர்த்தினார்கள். அதனால்தான் பத்து வருடப் பழைய பெரிய கீபோட்டும் நேற்று வந்த சின்னக் கீபோட்டும் ஒரே விலையில் எதிரெதிரே நின்று வாங்குபவரைக் குழப்புகின்றன.

இசைக்கருவி பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தஃபோடும் றபானோடும் நிறுத்திக்கொள்ளும் வீடுகள் நம் ஊர்களில் நிறைய. அது அவரவர் தெளிவு. வாங்குவதென்று முடிவெடுத்துவிட்ட குடும்பம், பாடசாலை, இசைக்குழு ஆகியோரை நினைத்தே இதை எழுதுகிறேன். என் முடிவு இதுதான்: மேடையில் வாசிப்பவர் கீபோட்டின் வயதைப் பார்க்க வேண்டாம், அது எந்தத் தரத்தில் செய்யப்பட்டது என்று பார்க்கட்டும். படிக்கும் பிள்ளைக்கு வாங்குபவர் புதியதையே வாங்கட்டும்.

இங்கே பேசுவது அரேஞ்சர் வகைக் கீபோட் பற்றி. இடக்கையால் ஒரு கோர்ட் பிடித்தால் ட்ரம், பேஸ், கிட்டார், ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் அதற்கேற்பத் தாமே வாசிக்கும். வலக்கை மெட்டை வாசிக்கும். இந்தப் பின்னணிக்கு ஸ்டைல் என்று பெயர். இன்ட்ரோ, மெயின், ஃபில்-இன், எண்டிங் என்று அதற்குள் பகுதிகள் இருக்கும். ஐந்து பேர் செய்யும் வேலையை ஒருவர் செய்துவிடலாம் என்பதால்தான் சிறிய ஊர்களின் கல்யாண மேடைகளிலும் பாடசாலைக் கலை விழாக்களிலும் இந்தக் கருவி நிலைத்தது. ரோலண்ட் ஈ20 1988இல் வந்தது, கோர்க் ஐ3 1993இல். யமஹாவின் பிஎஸ்ஆர் வரிசைதான் நம் பக்கம் அதிகம் தெரிந்தது.

யமஹாவில் ஈ வரிசை ஆரம்பநிலைக்கு. எஸ் வரிசையும், 2019இல் அதன் இடத்துக்கு வந்த எஸ்எக்ஸ் வரிசையும் மேடைக்கு. இந்த வேறுபாட்டை மறைப்பது பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் எண்தான். ஈ373இல் 622 வொய்ஸ், அதாவது ஒலிகள், என்று போட்டிருக்கும். 2015இல் வந்த எஸ்670இல் முதன்மை வொய்ஸ் 416 என்றிருக்கும். எண்ணைப் பார்த்தால் சின்னதுதான் பெரியது. ஆனால் அந்த 622இல் பாதிக்குமேல் எக்ஸ்ஜி லைட் என்ற எளிய ஒலிகள். ஒரே நேரத்தில் எத்தனை ஸ்வரம் ஒலிக்க முடியும் என்ற கணக்கு இதைவிட முக்கியம். ஈ373இல் அது 48, எஸ்670இல் 64, எஸ்970இல் 128. ஸ்டைல் ஓடும்போது ட்ரம்மும் பேஸும் ஸ்ட்ரிங்ஸும் இந்தக் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மீதி போதாவிட்டால் பாட்டின் உச்சத்தில் நீங்கள் பிடித்த ஸ்வரமே பாதியில் அறுந்துபோகும்.

ஈ373இல் பிட்ச் பெண்ட் சக்கரமும் இல்லை. கமகம் வாசிக்க வேண்டிய நம் இசைக்கு இது பெரிய குறை. அதே வரிசையில் சற்று மேலே உள்ள ஈ473இல் அந்தச் சக்கரமும் மைக் செருகும் இடமும் உண்டு. புதியதுதான் வேண்டும், காசு குறைவு என்பவர் இன்னும் கொஞ்சம் சேர்த்து இதை வாங்குவது நல்லது.

பழைய பெரிய கீபோட் பக்கம் சாய்பவர் கோப்பு விடயத்தைக் கவனிக்க வேண்டும். 2001இல் வந்த பிஎஸ்ஆர் 2000 கோப்புகளை ப்ளொப்பி டிஸ்க்கில் வைத்தது. 2004இன் பிஎஸ்ஆர் 3000 ஸ்மார்ட்மீடியா அட்டையைப் பயன்படுத்தியது. இரண்டும் இன்று கடையில் எளிதில் கிடைக்காது. அடுத்து, புதிய கீபோட் பழைய ஸ்டைல்களைப் படிக்கும். பழையது புதிய ஸ்டைல்களைச் சரியாகப் படிக்காது. யமஹா 2008 அளவில் ஸ்டைல் கோப்பின் அமைப்பையே மாற்றியது. நண்பரிடமிருந்து யூஎஸ்பியில் வாங்கி வந்த பைலா ஸ்டைல் எஸ்900இல் ஓடாமல் போனால் காரணம் பெரும்பாலும் இதுதான். தபேலா, டோலக் ஒலிகளைத் தனியே ஏற்ற வேண்டுமானால் உள்ளே நினைவக இடமும் வேண்டும். எஸ்970இல் அது 512 மெகாபைட். எஸ்எக்ஸ்900இல் ஒரு கிகாபைட்.

நம் கரையோரத்துக்கு மிக முக்கியமான விடயத்தைக் கடைக்காரர்கள் அநேகமாகச் சொல்வதில்லை. சாதாரணக் கீபோட் ஒரு ஸ்தாயியைச் சமமான 12 பங்காகப் பிரிக்கும். ஒவ்வொரு பங்கும் 100 சென்ட். அரபு இசையின் ராகங்கள் போன்ற மகாம்கள் பல அந்தப் பங்குக்குள் அடங்குவதில்லை. ராஸ்த் மகாமின் மூன்றாவது ஸ்வரம் மேஜருக்கும் மைனருக்கும் ஏறக்குறைய நடுவில் நிற்கும். பயாத்தியின் இரண்டாவது ஸ்வரமும் அப்படியே. பாங்கையும் கிறாஅத்தையும் கேட்டு வளர்ந்த காது, கஸீதா மெட்டு ஒன்றைச் சாதாரணக் கீபோட்டில் வாசிக்கும்போது எங்கோ பிசகுகிறது என்று உடனே உணர்ந்துவிடும். பிசகுவது வாசிப்பவரின் கையல்ல, கருவியின் சுருதி அமைப்பு.

இதற்கு ஸ்கேல் டியூன் என்ற வசதி வேண்டும். ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியே ஏற்றி இறக்க அது இடம் தரும். பழைய எஸ் வரிசையிலேயே இது உண்டு, அரபு சுருதிகள் இரண்டு தயாராகவும் இருக்கும். மத்திய கிழக்குச் சந்தைக்கென்றே வந்த பிஎஸ்ஆர் ஏ2000, ஏ3000, ஏ5000, கோர்க் பிஏ600 க்யூடி, பிஏ700 ஓஆர் போன்றவை இன்னும் ஒரு படி மேல். அரபு ஸ்டைல்களும் ஊத், கானூன் ஒலிகளும் அவற்றில் சேர்ந்தே வரும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் ஒருவர் வழியாக இவற்றில் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால், கஸீதாவும் இஸ்லாமிய கீதமும் வாசிக்கும் குழுவுக்கு எந்தப் புதிய சாதாரண மொடலைவிடவும் அது மேல் என்பேன். ஆனால் சினிமாப் பாட்டும் பைலாவும் மட்டுமே வாசிப்பவருக்கு இவற்றின் சிறப்பில் பாதி வீணாகும். தமிழ் மெட்டுகளைப் பழக விரும்புவோருக்கு இந்தியச் சந்தைக்கான பிஎஸ்ஆர் ஐ500 பொருத்தம். ரியாஸ் என்ற பெயரில் தம்புரா, தபேலாவோடு சாதகம் செய்யும் வசதி அதில் இருக்கிறது.

சுருதியை மொத்தமாக ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் வசதி எல்லாவற்றிலும் இருக்கும், அதை எட்டுவது எளிதா என்று பாருங்கள். நாகூர் இ.எம். ஹனிபா (1925–2015) பாடிய உச்ச சுருதி எல்லோர் தொண்டைக்கும் வராது. மேடையில் பாடகர் மாறும்போது இரண்டு விநாடிக்குள் சுருதியை இறக்கக் கை பழகியிருக்க வேண்டும்.

இனிப் பழையதன் உடம்பைப் பரிசோதிப்போம். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை நாம் கடலுக்கு மிக அருகில் வாழ்கிறோம். உப்புக்காற்றும் வடகீழ்ப் பருவமழையின் ஈரமும் இரும்பு ஜன்னலையே தின்கின்றன, மெல்லிய மின்தொடுப்புகளை விட்டுவைக்குமா? ஒவ்வொரு கட்டையின் அடியிலும் கரி பூசிய ரப்பர் தொடுப்புகள் உண்டு. எவ்வளவு வேகமாக அழுத்துகிறோம் என்பதை அளப்பவை அவைதான். அவை அழுக்கானாலோ தேய்ந்தாலோ சில கட்டைகள் பேசாது, சில கட்டைகள் மெதுவாகத் தொட்டாலும் கத்தும். ஆகவே பியானோ ஒலியை வைத்து, ஸ்டைலை நிறுத்திவிட்டு, 61 கட்டைகளையும் ஒவ்வொன்றாக முதலில் மெல்லவும் பிறகு அழுத்தியும் வாசியுங்கள். விற்பவர் பொறுமையிழந்தால் இழக்கட்டும். ஒன்றிரண்டு கட்டை மட்டும் பிழையானால் சுத்தம் செய்து சரியாக்கலாம். பத்துப் பதினைந்து பிழையென்றால் வேண்டாம்.

ஒலியைக் கூட்டிக் குறைக்கும்போது கரகரப்பு வருகிறதா, ஹெட்போன் செருகியை அசைத்தால் ஒரு பக்கம் விட்டுப்போகிறதா, திரை மங்கியிருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எக்ஸ்900 என்றால் தொடுதிரையின் நான்கு மூலையையும் தொட்டுப் பாருங்கள். ஆணிகளின் தலையில் துரு இருந்தால் உள்ளேயும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். வெள்ளத்தில் நனைந்த கீபோட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். ஒரு தடவை காய்ந்து வேலை செய்யும், அரிப்பு உள்ளே தொடர்ந்துகொண்டே இருக்கும்.

மின்சாரம் அடுத்த கண்டம். ஜப்பானில் 100 வோல்ட், நமக்கு 230. வெளியே அடப்டர் உள்ள ஜப்பான் யமஹாவுக்கு அடப்டரை மட்டும் மாற்றினால் போதும்; எஸ், எஸ்எக்ஸ் வரிசைகள் 16 வோல்ட் கேட்பவை. 100 வோல்ட்டுக்கென்றே செய்த மின்வழங்கி உள்ளேயே பொருத்தப்பட்ட ஜப்பான் ரோலண்ட், கோர்க் கருவிகளை அப்படியே சுவரில் செருகினால் அன்றோடு முடிந்துவிடும். பின்புறத்தில் எழுதியிருப்பதை வாசிக்காமல் எதையும் செருகாதீர்கள். பழைய கசியோக்கள் சிலவற்றில் அடப்டர் முனையின் நடுப்பகுதி எதிர்முனையாகவும், புதியவற்றில் நேர்முனையாகவும் இருப்பதால், பொருந்துகிறதே என்று கண்ட அடப்டரையும் கொடுக்கக் கூடாது.

பிள்ளைக்கு வாங்கும் பெற்றோருக்குப் புதியதைச் சொல்வதற்குக் காரணம் இவ்வளவு பரிசோதனையையும் செய்ய அவர்களுக்குக் கை பழகியிருக்காது என்பதுதான். உள்ளூர் முகவரின் உத்தரவாதத்தோடு, தொடு உணர்வுள்ள 61 கட்டைக் கீபோட் ஒன்று முதல் சில வருடங்களுக்குத் தாராளமாகப் போதும். தொடு உணர்வில்லாத பொம்மைக் கீபோட்டில் பழகும் பிள்ளையின் விரல் பின்னால் திருந்துவது கஷ்டம். வெளிநாட்டில் வாங்கியதற்கு இங்கே உத்தரவாதம் பெரும்பாலும் செல்லாது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பாடசாலைக்கோ கழகத்துக்கோ பொதுக்காசில் வாங்கும் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். விலைமனுவைக் கூப்பிடும் முன் அதை நாளை வாசிக்கப்போகும் ஆசிரியரைக் கடைக்கு அழைத்துப் போங்கள். அவர் வழக்கமாக வாசிக்கும் பாட்டை அரை மணிநேரம் வாசித்துப் பார்க்கட்டும். பழையதாக இருந்தாலும் புதியதாக இருந்தாலும் மொடல் பெயரும் சீரியல் இலக்கமும் எழுதிய பற்றுச்சீட்டு இல்லாமல் காசைக் கொடுக்காதீர்கள்.