கரையீடு

ஒருவர் தம் வயலை உழுது, வரப்புக் கட்டி, எருவிட்டுப் பண்படுத்துகிறார். சில ஆண்டுகள் செல்கின்றன. ஊரார் கூடிச் சீட்டுப் போடுகின்றனர். அவர் வயல் வேறொருவருக்குப் போய்விடுகிறது. வேறொருவர் வயல் இவருக்கு வருகிறது. சண்டையில்லை, வழக்கில்லை. நிலம் என்றால் பட்டா, பட்டா என்றால் ஒருவர் பெயர் என்று பழகிவிட்ட நமக்கு இது கதைபோலத் தோன்றும். ஆயினும் தஞ்சைத் தரணியின் பல ஊர்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இவ்வழக்கம் இருந்தது. இதற்குக் கரையீடு என்று பெயர்.

தஞ்சை நாடு 1799-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது. வரி விதிக்க வந்த அதிகாரிகள் இங்கே மூவகை ஊர்களைக் கண்டனர். ஊர் முழுவதும் ஒருவருக்கே உரியதாயின் அது ஏகபோகம். பலர் தத்தம் நிலத்தை நிலையாகப் பிரித்துக்கொண்டிருந்தால் அது பாலபோகம். நிலம் பொதுவில் இருக்க, ஒவ்வொருவருக்கும் பங்கு மட்டும் உண்டு எனில் அது சமுதாயம். சமுதாய ஊர்களிலும் ஒரே முறை இல்லை. சிலவற்றில் விளைந்த நெல்லையே பங்கிட்டனர். வேறு சிலவற்றில் நிலத்தைக் குறித்த காலத்திற்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பங்கிட்டனர். இவ்வாறு மாறிவருவதைப் பசுங்கரை என்றும், மாறாமல் முடிவாகப் பிரித்ததை அறுதிக்கரை என்றும் வழங்கினர். தமிழ்நாட்டின் இத்தகைய மிராசு உரிமைகளை விளக்கி எல்லிஸ் எழுதிய நூல் 1818-இல் வெளிவந்தது. தென்னாட்டு மொழிகள் ஒரு தனிக் குடும்பம் என்பதை 1816-இலேயே எடுத்துக்காட்டிய அதே எல்லிஸ்தான் இவர். மொழிக்காக நினைக்கப்படும் அளவு நிலத்திற்காக அவர் நினைக்கப்படுவதில்லை.

ஏன் இப்படிச் செய்தனர்? விடையைக் காவிரியிடமே கேட்க வேண்டும். கல்லணையில் பிரியும் நீர் ஆறாகி, வாய்க்காலாகி, கன்னியாகி, மடைவழியே வயலுக்கு வருகிறது. தலைமடைக்காரர் முதலில் பாய்ச்சிக்கொள்வார். நீர் குறைந்த ஆண்டில் கடைமடைக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை கொட்டினாலோ, கதை தலைகீழாகும். பள்ளக்கால் வயலில் நீர் வடியாமல் சம்பாப் பயிர் அழுகும், மேட்டு வயல் தப்பும். ஒரே ஊர், ஒரே பரப்பு, ஒரே உழைப்பு. விளைவு மட்டும் வேறு. அளவுகோலால் சமமாகப் பிரித்தாலும் அது சமப் பங்கீடு ஆகாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். வயலை மாற்றிக்கொள்வது ஓராண்டின் இழப்பைத் தடுப்பதன்று. இவ்வாண்டு கடைமடையில் இருப்பவருக்கு இவ்வாண்டு நட்டமே. அந்த நட்டம் அவர் தலையிலும் அவர் மக்கள் தலையிலும் நிலைத்துவிடாமல் தடுப்பதே கரையீடு. விளைந்த நெல்லைப் பங்கிட்ட ஊர்களோ ஓராண்டின் நட்டத்தையும் சேர்த்தே பகிர்ந்துகொண்டன.

இதை ஏற்காதவர்கள் எளிதான கேள்வி ஒன்றைக் கேட்டனர். நாளை கைமாறும் வயலில் இன்று எவன் ஆட்டுக்கிடை வைப்பான்? நியாயமான கேள்விதான். நிலத்தைச் சீர்திருத்துபவனுக்கே அதன் பயன் சேரவேண்டும் என்ற இக்கொள்கையே தனித்தனிப் பட்டாவுக்கு அடிப்படையாயிற்று. ஆனால் டெல்டா வயலின் வளத்தில் பெரும்பகுதி ஆற்று வண்டலும் வாய்க்கால் நீரும் தந்தவை. வாய்க்காலைத் தூர் வாருவது ஒருவரால் ஆகாது; அது ஊர்ப் பணி. எந்த மடை நாளை தமக்கு விழும் என்று தெரியாதபோது, கடைமடை வாய்க்காலும் எல்லோருக்கும் கவலையாகிவிடுகிறது. இந்தப் பயனை எதிர்வாதம் செய்தவர்கள் போதிய அளவு எடைபோடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இவ்வழக்கு நம் நாட்டோடு நிற்கவில்லை. இடைக்கால இங்கிலாந்தில் ஓர் உழவனின் நிலம் ஒரே இடத்தில் இராது. துண்டு துண்டாக ஊரெங்கும் சிதறிக் கிடக்கும். இது வெறும் அறியாமை எனப் பலர் எண்ணியிருந்தனர். அமெரிக்கப் பொருளியலறிஞர் மெக்லோஸ்கி 1970-களில் அதை மறுத்தார். ஒரு துண்டு அழிந்தாலும் மற்றொன்று பிழைக்கும். விளைச்சலில் சிறிது குறைந்தாலும் பட்டினி வராது. எனவே அது காப்பீடே என்றார். களஞ்சியத்தில் தானியத்தைச் சேமித்தே அக்காப்பைப் பெற்றிருக்கலாமே என்று எதிர்த்தோரும் உண்டு. அவ்விவாதம் இன்னும் முடியவில்லை.

2016-இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்திலும் இதே சிக்கலைக் காணலாம். விளைச்சல் இழப்பை அது தனி வயலாக அளப்பதில்லை. ஒரு பகுதி முழுவதற்கும் சேர்த்துச் சராசரி காண்கிறது. பகுதியின் சராசரி நன்றாயிருந்து, ஒருவர் பள்ளத்து வயல் மட்டும் அழிந்தால், அந்தக் கணக்கில் அவருக்கு ஒன்றும் வராது. தலைமடை கடைமடை என்ற வேறுபாட்டைச் சீட்டு அறிந்திருந்தது, சராசரி அறியவில்லை.

ஆனால் அந்தச் சீட்டில் யார் யார் பெயர் இருந்தது? பங்குடைய மிராசுதாரர்களின் பெயர் மட்டுமே. நாற்றுப் பறித்து, நட்டு, அறுத்து, களம் சேர்த்த பண்ணையாட்களின் பெயர் அதில் இல்லை. அவர்களுட் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்டவர் எனப்பட்ட சாதியினர். வயல் கைமாறிற்று; சேற்றில் நின்றவர் மாறவில்லை. இவ்வளவு நுட்பமாக நியாயம் பார்த்த ஊர், அந்த நியாயத்தை அக்கிரகாரத்துக்கும் மிராசுதாரர் தெருவுக்கும் அப்பால் கொண்டு செல்லவில்லை. கிராம சமுதாயத்தைப் புகழ்ந்து எழுதுவோர் இவ்விடத்தில் விரைந்து கடந்துவிடுவர்.

பங்கு பற்றிய கேள்வி சேரிக்கும் குத்தகைக்காரர் வீட்டுக்கும் வருவதற்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஆயிற்று; அப்போதும் போராடியே வந்தது. 1952-இல் தஞ்சைக் குத்தகைதாரர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதன்படி குத்தகைக்காரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. 1956-இன் நியாயவாரச் சட்டம் அதைத் திருப்பி, நன்செய்யில் ஐந்தில் இரண்டை நிலவுடைமையாளருக்கும் மூன்றை உழுபவருக்கும் என்றாக்கியது. கூலிக்கு உழைப்பவரின் பங்கு என்ன என்பது அதன் பின்னரும் தீரவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, கூலித் தகராறு முற்றிய கீழவெண்மணியில், ஒரு குடிசைக்குள் நாற்பத்து நான்கு பேர் எரிந்து மாண்டனர்.