ஒரு ரேஸில்கூட ஓடாத கார்... விலை ரூ.1,100 கோடி! உலகின் காஸ்ட்லி காருக்குப் பின்னால் இருக்கும் கதை என்ன?

2022 மே 5. ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரில் உள்ள மெர்சிடிஸ் பென்ஸ் மியூசியம். அழைப்பு வந்த சிலர் மட்டுமே கலந்துகொண்ட ஏலம் அது. விற்பனைக்கு வந்தது ஒரே ஒரு பழைய கார். ஏலம் முடிந்தபோது அதன் விலை 13.5 கோடி யூரோ. அன்றைய மதிப்பில் நம்ம ஊர் பணத்துக்கு சுமார் ரூ.1,100 கோடி!

வெளியே தெரிந்த கார் விற்பனைகளில் இதுதான் உச்சம். காரின் பெயர் மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹௌட் கூபே. தயாரான ஆண்டு 1955. அதாவது, விற்கும்போதே அதற்கு வயது 67.

இதில் இன்னொரு ஆச்சரியம். ரேஸுக்காகவே உருவான இந்தக் கார், ஒரு ரேஸில்கூட போட்டியிட்டதில்லை. அப்புறம் எதற்கு இவ்வளவு பணம்? பாதி பதில் அதன் இன்ஜினில் இருக்கிறது. மீதி பதில், 1955 ஜூன் மாதம் பிரான்ஸில் நடந்த ஒரு கோர விபத்தில் இருக்கிறது.

முதலில், இது என்ன கார்?

பலரும் குழம்புகிற இடம் இது. பறவை இறக்கை விரிப்பது மாதிரி கதவுகள் மேல்நோக்கித் திறக்கும் '300 எஸ்எல்' என்ற பென்ஸ் காரை சினிமாவிலோ போட்டோவிலோ பார்த்திருப்பீர்கள். 1954 முதல் 1957 வரை அந்த கூபே மாடலில் 1,400 கார்கள் தயாராகி, பணம் உள்ளவர்களுக்கு விற்கப்பட்டன.

'300 எஸ்எல்ஆர்' என்பது வேறு. பெயரும் கதவும்தான் ஒன்று போல இருக்கும். உள்ளே இருப்பது முழு ரேஸ் கார். ஃபார்முலா 1 போட்டியில் 1955ல் ஹுவான் மானுவல் ஃபான்ஜியோவுக்கு உலக சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்த 'டபிள்யூ 196' காரை அடிப்படையாக வைத்து உருவாக்கப்பட்டது.

வரிசையாக நிற்கும் 8 சிலிண்டர்கள். 3 லிட்டர் இன்ஜின். 300 குதிரைத் திறனுக்கு மேல் சக்தி. எடையைக் குறைக்க மெக்னீசியம் கலந்த உலோகத்தில் பாடி. மணிக்கு கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர் வேகம். இன்றைக்கே இது பெரிய வேகம். 70 ஆண்டுகளுக்கு முன்பு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்படிப்பட்ட எஸ்எல்ஆர் கார்கள் மொத்தமே 9தான் தயாராகின. அதில் மேற்கூரையுடன் கூபே வடிவில் செய்யப்பட்டவை இரண்டே இரண்டு. ஒன்றின் இருக்கைகள் சிவப்பு, இன்னொன்றின் இருக்கைகள் நீலம்.

ஊலன்ஹௌட் என்பது யார்?

ரூடால்ஃப் ஊலன்ஹௌட், மெர்சிடிஸ் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர்களில் ஒருவர். ஜெர்மன் அப்பாவுக்கும் ஆங்கிலேய அம்மாவுக்கும் 1906ல் லண்டனில் பிறந்தவர். கார்களை வரைபடத்தில் மட்டும் பார்க்கிற ஆள் கிடையாது. ரேஸ் காரை அவரே ஓட்டி சோதிப்பார். தொழில்முறை ரேஸ் வீரர்களுக்குச் சளைக்காத ஓட்டுநர் என்று பெயர் எடுத்தவர்.

கூபே கார்கள் ரேஸுக்குப் போகாமல் நின்றுபோன பிறகு, அதில் ஒன்றை அவர் தன் அலுவலக காராகவே பயன்படுத்தினார். ரேஸ் இன்ஜினின் சத்தம் சாதாரண ரோட்டுக்கு ஒத்துவராது என்பதால் பெரிய சைலன்ஸர் ஒன்றும் பொருத்தப்பட்டது. ஸ்டட்கார்ட்டில் இருந்து மியூனிக் வரை, 200 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தை, ஒரு மணி நேரத்தில் கடந்தார் என்று ஒரு கதை கார் பிரியர்கள் மத்தியில் இன்றும் உலவுகிறது. கதை எவ்வளவு உண்மையோ, காருக்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது.

உச்சத்தில் இருந்த 1955

1955 மே 1. இத்தாலியில் 'மில்லே மிலியா' ரேஸ். சாதாரண சாலைகளில், ஊர்களுக்கு நடுவே, சுமார் 1,600 கிலோமீட்டர் ஓட வேண்டும். கூரை இல்லாத எஸ்எல்ஆர் காரை ஓட்டியவர் பிரிட்டன் வீரர் ஸ்டிர்லிங் மாஸ். பக்கத்தில் வழிகாட்டியாக உட்கார்ந்தவர் பத்திரிகையாளர் டெனிஸ் ஜென்கின்சன்.

எந்த வளைவு எப்படி வரும் என்று முன்கூட்டியே குறித்து வைத்த நீளமான காகிதச் சுருளைப் பார்த்து, ஜென்கின்சன் கையால் சைகை காட்டிக்கொண்டே வந்தார். 10 மணி 7 நிமிடம் 48 நொடியில் ரேஸ் முடிந்தது. சராசரி வேகம் மணிக்கு 157 கிலோமீட்டருக்கு மேல். காரில் எழுதியிருந்த '722' என்ற எண், காலை 7.22 மணிக்கு அவர்கள் புறப்பட்ட நேரம். அந்தச் சாதனையை அதன் பிறகு யாரும் முறியடிக்கவில்லை.

எஸ்எல்ஆர் காரை வெல்ல ஆளே இல்லை என்று பேச ஆரம்பித்த நேரம் அது. ஆறே வாரத்தில் எல்லாம் மாறியது.

ஜூன் 11: லே மானில் நடந்தது என்ன?

பிரான்ஸின் லே மான் நகரில் நடப்பது 24 மணி நேர ரேஸ். 1955 ஜூன் 11 அன்று மாலை 4 மணிக்கு ரேஸ் தொடங்கியது. சுமார் இரண்டரை மணி நேரம் கழித்து, ஜாகுவார் காரை ஓட்டிவந்த மைக் ஹாதார்ன், எரிபொருள் நிரப்பும் பகுதியில் நிற்பதற்காக பிரேக் பிடித்தார். பின்னால் வந்த ஆஸ்டின் ஹீலி கார் மோதாமல் தப்பிக்க இடதுபக்கம் விலகியது. அதற்கும் பின்னால், பெரும் வேகத்தில் வந்துகொண்டிருந்தது பியர் லெவெக் ஓட்டிய எஸ்எல்ஆர்.

விலக இடமில்லை. ஆஸ்டின் ஹீலியின் பின்பகுதியில் ஏறி, எஸ்எல்ஆர் காற்றில் பறந்தது. ஓரத்து மண்மேட்டில் மோதிச் சிதறியது. இன்ஜினும் முன்பக்க பாகங்களும் பிய்ந்து, கூட்டத்துக்குள் பாய்ந்தன. மெக்னீசியம் பாடி கொழுந்துவிட்டு எரிந்தது. லெவெக்கும், பார்வையாளர்கள் 80க்கும் மேற்பட்டோரும் உயிரிழந்தனர். கார் ரேஸ் வரலாற்றில் இதைவிடப் பெரிய விபத்து இன்றுவரை இல்லை.

ரேஸ் நிறுத்தப்படவில்லை. முன்னணியில் இருந்தும், மீதமிருந்த தன் கார்களை நள்ளிரவு தாண்டி மெர்சிடிஸ் திரும்பப் பெற்றது. பிறகு நடந்த விசாரணை, எந்த ஓட்டுநரையும் குற்றவாளியாகச் சொல்லவில்லை. அந்த வேகத்துக்கு அந்தப் பாதையில் பாதுகாப்பு போதாது என்பது எல்லோருக்கும் புரிந்தது. பல ரேஸ்கள் ரத்தாகின. சுவிட்சர்லாந்து தன் நாட்டில் சர்க்யூட் ரேஸுக்கே தடை போட்டது.

விபத்துக்கும் கூபே காருக்கும் என்ன சம்பந்தம்?

மெக்சிகோவில் நடக்கும் 'கரேரா பனமெரிக்கானா' என்ற நீண்ட தூர சாலை ரேஸை மனதில் வைத்துத்தான் மேற்கூரை உள்ள கூபே உருவாக்கப்பட்டது. கூரை இருந்தால் நீண்ட பயணத்தில் ஓட்டுநருக்குக் காற்றும் தூசியும் தொல்லை தராது. லே மான் விபத்தைத் தொடர்ந்து அந்த ரேஸும் ரத்தானது. கூபேவுக்கு வேலையே இல்லாமல் போனது.

1955 இறுதியில் மெர்சிடிஸ் ரேஸ் உலகத்தை விட்டே விலகியது. விபத்து மட்டும்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. பொதுமக்களுக்கான கார்களைத் தயாரிக்கும் வேலைக்கு தன் பொறியாளர்களைத் திருப்ப வேண்டிய தேவையும் நிறுவனத்துக்கு இருந்தது. விலகும்போது, அந்த ஆண்டின் ஸ்போர்ட்ஸ் கார் சாம்பியன் பட்டமும் அவர்கள் கையில் இருந்தது.

இரண்டு கூபேக்களும் கம்பெனியிடமே தங்கிவிட்டன. மூன்றாவது வரவே இல்லை. இப்படித்தான் அவை அபூர்வமாகின.

சரி, ரூ.1,100 கோடி எப்படி வந்தது?

பழைய கார் என்பதால் மட்டும் விலை ஏறாது. சேகரிப்பாளர்கள் முக்கியமாகப் பார்ப்பது நான்கு விஷயங்கள்.

ஒன்று, எண்ணிக்கை. உலகில் இரண்டுதான் இருக்கிறது, அதில் ஒன்றை கம்பெனி விற்கப்போவதில்லை என்றால், வாங்குவதற்குக் கிடைப்பது ஒன்றே ஒன்று.

இரண்டு, அசல் தன்மை. சேசிஸ் எண், இன்ஜின், பாடி எல்லாம் தொழிற்சாலையில் இருந்து வந்தவைதானா? பழைய ரேஸ் கார்கள் அடிபட்டு, பாகங்கள் மாற்றப்பட்டு, சில நேரம் ஒரே காரின் பாகங்களில் இருந்து இரண்டு கார்கள் முளைப்பதும் உண்டு. அங்கேதான் வழக்கு, வம்பு எல்லாம் வரும்.

மூன்று, கைமாறிய வரலாறு. யாரிடம் இருந்து யாருக்குப் போனது என்பதற்கு இடைவெளி இல்லாத ஆவணம் வேண்டும். இந்த கூபே தயாரித்தவர்களிடமே 67 ஆண்டுகள் இருந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை.

நான்கு, கதை. ஃபார்முலா 1 ரத்தம், மாஸின் சாதனை, லே மான் துயரம், பொறியாளரின் பெயர்... இதை இன்னொரு முறை உருவாக்க முடியாது.

ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 2018 ஆகஸ்டில் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் 1962ஆம் ஆண்டின் ஃபெராரி 250 ஜிடிஓ 4.84 கோடி டாலருக்கு விற்றது. ஏலத்தில் அதுவரை அதுதான் சாதனை. கூபேவின் விலையை டாலரில் சொன்னால் சுமார் 14 கோடி. கிட்டத்தட்ட மூன்று மடங்கு!

2025 பிப்ரவரியில் அதே ஸ்டட்கார்ட் மியூசியத்தில், ஃபான்ஜியோவும் மாஸும் ரேஸில் ஓட்டிய டபிள்யூ 196 கார் ஒன்று ஏலத்துக்கு வந்தது. அது போன விலை சுமார் 5.1 கோடி யூரோ. இரண்டு ஜாம்பவான்கள் ஓட்டிய காருக்கே, ரேஸில் ஓடாத கூபேவின் விலையில் பாதிகூட வரவில்லை.

விற்றது எப்படி? வாங்கியது யார்?

விற்பனையை நடத்தியது ஆர்எம் சோத்பிஸ் ஏல நிறுவனம். யார் வேண்டுமானாலும் கை தூக்கலாம் என்கிற ஏலம் இல்லை. அழைக்கப்பட்ட சேகரிப்பாளர்களுக்கு மட்டுமே அனுமதி. ஒரு தனியார் சேகரிப்பாளர் சார்பில் வென்ற தொகையைக் கேட்டவர், கிளாசிக் கார் உலகில் பிரபலமான சைமன் கிட்ஸ்டன். இந்தக் காரை விற்கச் சொல்லி ஒன்றரை ஆண்டுகள் மியூசியத்திடம் அவர் பேசிவந்திருக்கிறார். ஏலம் நடந்து இரண்டு வாரம் கழித்துத்தான் செய்தியே வெளியானது. வாங்கியவரின் பெயரை நிறுவனம் சொல்லவில்லை.

விற்றது சரியா?

கேள்வி இங்கேதான். ஒரு நாட்டின் தொழில் வரலாற்றையும், 80க்கும் மேற்பட்ட உயிர்களின் நினைவையும் சுமக்கும் ஒரு பொருளை, ஒரு பணக்காரரின் கராஜுக்கு அனுப்பலாமா?

நிறுவனத்தின் தரப்பில் மூன்று பதில்கள் உண்டு. கிடைத்த பணத்தில் 'மெர்சிடிஸ் பென்ஸ் நிதி' ஒன்றை அமைத்து, சுற்றுச்சூழல் மற்றும் கார்பன் குறைப்பு தொடர்பான படிப்புக்கும் ஆய்வுக்கும் இளைஞர்களுக்கு உதவுவதாக அறிவித்தது. பெட்ரோலைக் குடித்து ஓடிய ரேஸ் காரின் விலை, கார்பனைக் குறைக்கும் படிப்புக்குப் போகிறது! அடுத்து, சிறப்பு நிகழ்ச்சிகளின்போது காரைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வாங்கியவர் சம்மதித்திருக்கிறார். மூன்றாவது, இரண்டாவது கூபே கம்பெனியிடமே இருக்கும்.

இதில் திருப்தி அடைபவர்களும் உண்டு, அடையாதவர்களும் உண்டு. பார்வைக்கு வைக்கும் நாளை உரிமையாளரின் வசதியும் சேர்ந்துதான் முடிவு செய்யும். ஒன்று மட்டும் உறுதி. விபத்து நடக்காமல், மெக்சிகோ ரேஸ் நடந்திருந்தால், இந்தக் கார்களும் ஓடி, அடிபட்டு, ஒருவேளை சிதைந்தும் போயிருக்கலாம். பிழைத்ததற்கும் விலை ஏறியதற்கும் அடியில் அந்த ஜூன் மாதத்து சோகம் இருக்கிறது. விலையைப் பேசும்போது அதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

ஒரு கூபேவை வாங்க ரூ.1,100 கோடி தேவைப்பட்டது. அதன் ஜோடி ஸ்டட்கார்ட் மியூசியத்தில் நிற்கிறது. அதைப் பார்க்க ஒரு நுழைவுச்சீட்டு போதும்.