கருவளையம்: க்ரீம் வாங்கும் முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

'என்ன, ராத்திரி சரியாத் தூங்கலையா?' கண்ணுக்குக் கீழே கருமை உள்ளவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. நன்றாகத் தூங்கி எழுந்தவரிடமும் இதையே கேட்கிறார்கள். தூக்கம் ஒரு காரணம்தான். அதைத் தவிர வேறு பல காரணங்களும் உண்டு. காரணத்துக்கு ஏற்பச் சிகிச்சையும் மாறும். ஒருவருக்குப் பலன் தந்த க்ரீம் இன்னொருவருக்குப் பலன் தராமல் போவது அதனால்தான்.

கண்ணைச் சுற்றி மட்டும் ஏன்?

உடலிலேயே மிக மெல்லிய தோல் இமையில்தான் இருக்கிறது. அதன் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். அடியில் கொழுப்பும் மிகக் குறைவு. அதனால் கீழே உள்ள ரத்தக் குழாய்களின் நிறமும் தசையின் நிறமும் வெளியே தெரிந்துவிடும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் மெலனின் என்ற நிறமி அதிகம். சின்ன உரசல், அரிப்பு, வெயில் எதுவானாலும் அந்த இடம் சீக்கிரம் கறுத்துவிடும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

பகல் வெளிச்சத்தில், ஜன்னலைப் பார்த்தபடி கையில் கண்ணாடியோடு நில்லுங்கள். கீழ் இமைத் தோலை விரலால் மெதுவாகப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள்.

• இழுத்தாலும் பழுப்பு நிறம் அப்படியே இருந்தால், நிறமி தோலிலேயே படிந்திருக்கிறது.

• நீலமோ ஊதாவோ கலந்து, இழுக்கும்போது இன்னும் தெளிவாகத் தெரிந்தால், அது ரத்தக் குழாய்களின் நிறம்.

• முகத்தை வெளிச்சத்தை நோக்கி உயர்த்தியதும் கருமை மறைந்தால், அது வெறும் நிழல். கண்ணுக்குக் கீழே உள்ள பள்ளமோ, பை போன்ற வீக்கமோ அந்த நிழலை விழச் செய்கிறது.

பலருக்கு இவற்றில் இரண்டு மூன்று கலந்தே இருக்கும். உறுதி செய்ய வேண்டியவர் தோல் மருத்துவர்தான். ஆனாலும் எந்தத் திசையில் தேடுவது என்பதற்கு இந்தச் சோதனை உதவும்.

முக்கியமான காரணங்கள்

பரம்பரை: அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கும் சின்ன வயதிலேயே வரலாம். இது நோயல்ல.

ஒவ்வாமையும் தேய்ப்பதும்: பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கில் நீர், கண்ணில் நமைச்சல். புறங்கையால் கண்ணை அழுத்தித் தேய்த்தால் கொஞ்சம் சுகமாக இருக்கும். மறுபடி நமைக்கும், மறுபடி தேய்ப்போம். மூக்கடைப்பால் கண்ணுக்குக் கீழே ரத்தம் தேங்கி நீலம் பாயும். தேய்ப்பதால் நிறமியும் கூடும். பிள்ளைகளின் கருவளையத்துக்கு இது முக்கியமான காரணம். மையோ, தலைச்சாயமோ, புது க்ரீமோ ஒத்துக்கொள்ளாமல் அரித்தாலும் இதே கதைதான்.

ரத்தசோகை: ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் முகம் வெளிறும், கண்ணடிக் கருமை எடுப்பாகத் தெரியும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57% பேருக்கு ரத்தசோகை. மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகமுள்ள பெண்கள் க்ரீம் வாங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

தூக்கமின்மை, புகைபிடித்தல், வெயில்: இவை ஏற்கெனவே உள்ள கருமையைக் கூட்டும்.

வயது: தோல் மெலிந்து, கன்னத்துக் கொழுப்பு குறையும்போது கண்ணடியில் பள்ளம் விழும்.

மருந்துகள்: கண் அழுத்த நோய்க்கான சில சொட்டு மருந்துகள் இமையைக் கறுக்க வைக்கும். அப்படித் தெரிந்தால் கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

என்ன செய்யலாம்?

முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். நமைத்தால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை மூடிய கண் மேல் ஐந்து நிமிடம் வையுங்கள். தும்மலும் நமைச்சலும் தொடர்ந்தால் ஒவ்வாமைக்குச் சிகிச்சை எடுங்கள். வெளியே போகும்போது எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனும் கூலிங் கிளாஸும் உதவும்.

நிறமிப் படிவுக்கு வைட்டமின் சி, நியாசினமைடு, கோஜிக் அமிலம், ரெட்டினால் உள்ள க்ரீம்களை மருத்துவர்கள் பரிந்துரைப்பார்கள். மாற்றம் தெரிய இரண்டு மூன்று மாதமாவது ஆகும். கர்ப்பிணிகள் ரெட்டினால் பயன்படுத்தக் கூடாது. கெமிக்கல் பீல், லேசர் ஆகியவையும் உண்டு. ஆனால் மாநிறத் தோலில் அளவு கூடினால் சிகிச்சையே புதுக் கருமையை உண்டாக்கிவிடும். அனுபவமுள்ள தோல் மருத்துவரிடம் மட்டுமே செய்துகொள்ளுங்கள்.

பள்ளத்தால் விழும் நிழலை எந்தக் க்ரீமும் போக்காது. அதற்கு ஃபில்லர் ஊசி போடுவார்கள். மருந்து தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் பார்வையே பறிபோகும் அபாயம், அரிதாக என்றாலும், உண்டு. பியூட்டி பார்லரில் இதைச் செய்துகொள்ளவே கூடாது. பை போன்ற வீக்கம் பெரிதாக இருந்தால் அறுவை சிகிச்சை உண்டு.

வீட்டு வைத்தியம்

வெள்ளரித் துண்டு, குளிர்ந்த டீ பை ஆகியவற்றின் குளிர்ச்சி ரத்தக் குழாய்களைச் சுருக்கும். வீக்கம் சில மணி நேரம் வடியும். நிறமியை அவை நீக்குவதில்லை. எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். அது எரிச்சலை உண்டாக்கும். அதோடு வெயிலில் போனால் தோல் இன்னும் கறுக்கும்.

ட்யூபைத் திருப்பிப் பாருங்கள்

மருந்துக் கடையில் 'முகம் வெளுக்க' என்று கேட்டால் கிடைக்கும் சில ட்யூபுகளின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று இருக்கும். மூன்றுமே ஸ்டீராய்டுகள். முதல் சில வாரம் முகம் பளிச்சென்று தெரியும். தொடர்ந்து பூசினால் இமைத்தோல் இன்னும் மெலியும். கண் அழுத்தம் கூடவும், கண்புரை வரவும் வாய்ப்புண்டு. 2018இல் இந்திய அரசு, பூசும் ஸ்டீராய்டு மருந்துகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. தோழி சொன்னாள், கடைக்காரர் கொடுத்தார் என்று அவற்றைக் கண்ணருகே பூசாதீர்கள்.

எப்போது உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்?

• ஒரு கண்ணில் மட்டும் திடீரென்று கருமையோ வீக்கமோ வந்தால்.

• தலையில் அடிபட்ட பின் இரு கண்களையும் சுற்றிக் கறுத்தால்.

• அடிபடாமலேயே குழந்தையின் கண்ணைச் சுற்றி ரத்தம் கட்டியது போலத் தெரிந்தால்.

• காலையில் கண் வீக்கத்தோடு காலும் வீங்கினால்.

• கடும் சோர்வு, மூச்சு வாங்குதல், எடை குறைதல் சேர்ந்து வந்தால்.

இவை எதுவும் இல்லை, பரம்பரையாக வந்த கருமைதான் என்றால், அதற்குச் சிகிச்சை எடுப்பதும் எடுக்காததும் உங்கள் விருப்பம். முழுவதுமாகப் போகாவிட்டாலும் ஓரளவு மங்கச் செய்யலாம். எடுக்காவிட்டாலும் உடல்நலத்துக்கு ஒரு குறையும் இல்லை. வயதுப் பெண்ணிடம் 'இப்படிக் கறுத்துப் போச்சே' என்று வீட்டில் தினமும் சொல்லிக் காட்டுவதை விடுங்கள். அவளுக்குத் தும்மல் இருக்கிறதா, ரத்தம் குறைவா என்று பாருங்கள்.